கழுவாத பாட்டில்கள்

நான்காம் முறையும் எச்.ஐ.வி. வைரஸ் சோதனைக்காக வளர்த்த நோயெதிர்ப்புச் செல்களில் தொற்றவில்லை. ஆய்வு மாணவி பொற்கொடி ஆய்வக உதவியாளர் ஜெயசீலனிடம் வெடித்தாள்.

“செல்லுக்கு ஊத்துற தண்ணியில என்னண்ணே கலந்தீங்க? ஆறு மாசம் போச்சு!”

“ஒண்ணும் கலக்கலம்மா. பாட்டிலக் கொதிக்கவெச்சுக் கிருமியக் கொன்னேன். தேய்ச்சுக் கழுவத்தான் இல்ல.”

திட்ட வாயெடுத்தவள் நிறுத்தினாள். செத்த பாக்டீரியாவின் துணுக்குகள் பட்டதுமே செல்கள் மிரண்டு, வைரஸ் வருமுன்பே தற்காப்பைக் கூட்டியிருக்கின்றன. இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறென்ன வேண்டும்?

“அந்தப் பாட்டிலெல்லாம் எங்கண்ணே?”

“நேத்து ‘பாட்டில ஒழுங்காக் கழுவுங்க’ன்னு நீங்க கத்தினீங்களேன்னு எல்லாத்தையும் ஆசிட் ஊத்திக் கழுவிட்டேன்மா.”

பொற்கொடி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “இத்தனை நாளும் என் பேச்சக் காதுலயே வாங்கல. நேத்து மட்டும் ஏண்ணே கேட்டீங்க?”