பனைமரத்துத் துரை

கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டி வாழ்ந்தன. எங்கிருந்தோ வந்த காகம் ஒன்று, "பாம்பு வராமல் காவல் காக்கிறேன்" என்று உச்சி மட்டையில் உட்கார்ந்தது. குருவிகள் மரியாதையாக அதைத் துரை என்றன.

துரை உத்தரவு போடத் தொடங்கியது. கொண்டுவரும் நாரில் பாதி துரைக்கு. துரை தூங்கும்போது பாடக்கூடாது. கூட்டுக்குள் நடப்பது துரைக்குத் தெரிய வேண்டும். அதனால் வாசல் கீழே அல்ல, மேலே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு குருவியும் தன் குறையோடு தனியே போய்க் கும்பிட்டது. "பார்க்கலாம்" என்றது துரை.

முதல் தூறலில், மேல் வாசல் வழியே நீர் இறங்கி, பூவாத்தாள் குருவியின் முட்டைகள் நனைந்தன. சிறகால் அவற்றை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை துரையைக் கேட்கட்டுமா?" என்றான் கணவன் மஞ்சன்.

"கேட்டுக் கேட்டு உன் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மேலே கூரையைப் பின்னு, கீழே வாசலை வை."

"எனக்கு நார்க் கவலைதான் தங்கச்சி" என்றது பக்கத்துக் கூட்டுக் குருவி.

"நாரையும் பாட்டையும் வாசலையும் பறித்தது ஒரே அலகுதானே அண்ணே? வாங்க, சேர்ந்து பின்னுவோம்."

பனை முழுக்கப் பாட்டும் பின்னலுமாக ஆனது. பொழுது சாய்வதற்குள் எல்லா வாசல்களும் கீழே பார்த்தன.

சீறி வந்த துரை, பூவாத்தாளின் கூட்டில் தலைகீழாகத் தொங்கி உள்ளே எட்டிப் பார்த்தது. வழுக்கிக் கிணற்றில் விழுந்தது. தத்தளித்து மேலே வந்தபோது மழை கொட்டியது. முட்டைகள் மேல் ஒரு துளி விழவில்லை. துரை வந்த திசையிலேயே பறந்தது.

பழக்கதோஷத்தில் மஞ்சன், "போய் வாங்க துரை" என்றான்.

பூவாத்தாள் அவன் தலையில் செல்லமாகக் கொத்தினாள். "போங்கன்னு மட்டும் சொல்லு."