கையை விட்டுப் போகாத பெட்டி

“எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்லைண்ணே. ஏர்போர்ட்ல கையிலேருந்து வாங்கிடக் கூடாது. இறங்கின உடனே வேணும்.”

சாரா பீவி கேட்டது அவ்வளவுதான். நிறம் கேட்கவில்லை. விலையும் கேட்கவில்லை.

சிங்காரத்தோப்பில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் அப்துல் சுக்கூருக்குப் பேரம் பேசாதவர்களைப் பிடிக்காது. கதை விட நேரம் கிடைக்காது.

ஆனாலும் விட்டார்.

கடை நடுவில் ஒரு மரக்கூடு நின்றது. விமானத்துக்குள் எடுத்துப்போகும் பெட்டியை இறக்கிப் பார்க்க ஏர்போர்ட்டில் ஒரு இரும்புக் கூடு இருக்கிறதே, அதே அளவு. மைத்துனரை வழியனுப்பப் போன அன்று, தோளில் கிடந்த துண்டால் அதை அளந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாராம். இப்போதெல்லாம் விமானக் கம்பெனிக்காரர்களுக்கே சந்தேகம் வந்தால் இங்கே வந்துதான் அளந்துவிட்டுப் போகிறார்கள் என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

“இதுக்குள்ள இறங்கினா பெட்டி உங்க கையில. இறங்கலைன்னா வாங்கிக் கீழே சரக்கோட போட்டுடுவான். அப்புறம் நீங்க ஒரு ஊர்ல இறங்குவீங்க, அது ஒரு ஊர்ல இறங்கும்.”

எடையும் ஏழு கிலோவுக்கு மேல் ஆகாது. ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவருக்குப் புளியோதரையால் ஒன்றரைக் கிலோ கூடிப்போயிற்று. கவுண்டருக்கு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அத்தனையையும் தின்று தீர்த்தாராம். எடை பெட்டியிலிருந்து வயிற்றுக்குப் போய்விட்டது. வயிற்றை யாரும் நிறுக்கவில்லை.

சாரா பீவி கேட்டுக்கொண்டு நின்றார்.

அவர் லால்குடிக்காரர். புனிதப் பயணமாக உம்ராவுக்குப் போனபோதும் இங்கேதான் பெட்டி எடுத்தார். அன்றைக்கு அரை நாள் பேரம் பேசி, டீயும் குடித்துவிட்டுப் போனவர். இன்றைக்கு வாசலில் ஆட்டோ காத்திருந்தது. அதற்குள் அவருடைய தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மலேசியாவா? சர்ஃபராஸைப் பார்க்கவா?”

“ஆமாங்கண்ணே.”

“ஏர்போர்ட்டுக்கு வந்துடுவான்ல?”

“அவன் வரமாட்டான். அவன்கூட வேலை பார்க்குற பிள்ளைங்க வருவாங்க.”

“நல்ல மகன்தான் போங்க. உம்மா வர்ற அன்னைக்குக்கூட ஒரு லீவு போட முடியலையா? நான் சலாம் சொன்னேன்னு சொல்லுங்க. கூடவே நாலு திட்டும் திட்டுங்க.”

“சொல்றேன்.”

இருந்ததிலேயே சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தார் அப்துல் சுக்கூர். சாரா பீவி கட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணி மூட்டையை எடுத்து அடியில் வைத்தார். அதன்மேல் ஒரு சேலை, துண்டு, மாத்திரை டப்பா.

பார்த்ததுமே அப்துல் சுக்கூருக்குத் தெரிந்துவிட்டது. கஃபன் துணி. உம்ராவுக்குப் போகிறவர்கள் தங்களை அடக்கும்போது போர்த்துவதற்கென்று அதை ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, காயவைத்துக் கொண்டுவருவார்கள். அலமாரியில் வருஷக்கணக்காக இருக்கும். வயதானவர்கள் சிலர் வெளியூர் போகும்போது கையோடு எடுத்துக்கொள்வதும் உண்டு. போன இடத்தில் ஒன்று ஆகிவிட்டால் பிறத்தியாருக்குச் சிரமம் வேண்டாமே.

இதற்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது.

“உறையூர்ல ஒரு அம்மா. மகளைப் பார்க்க மலேசியா போறப்பெல்லாம் கஃபனோடதான் போவாங்க. போயிட்டுப் போயிட்டு வந்ததுல கடைசியா என்ன ஆச்சு தெரியுமா? துணிதான் முதல்ல நைஞ்சு மவுத்தாச்சு. அந்த அம்மா இன்னும் நல்லா இருக்காங்க.”

சாரா பீவி ஜிப்பை இழுத்தார்.

“அதுலயும் பாருங்க, பொம்பளைங்களுக்கு அஞ்சு துண்டு, ஆம்பளைங்க எங்களுக்கு மூணுதான். அந்தப் பயணத்துக்கும் உங்களுக்குத்தான் லக்கேஜ் கூட.”

எல்லாரும் சிரிக்கும் இடம் அது.

பெட்டியைத் தூக்கிக் கூட்டில் இறக்கினார். பாதியில் நின்றது. வயிறு புடைத்துக்கொண்டிருந்தது. முழங்கையால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

“அந்தத் துணியைத் தம்பிகிட்ட கொடுத்து அனுப்பிடுங்க தங்கச்சி. ஒரு மாசம் இருந்துட்டுத் திரும்பத்தானே போறீங்க? அதுக்கு இப்ப என்ன அவசரம்?”

“அவசரந்தாண்ணே. அதுக்காகத்தான் அங்கே காத்துக்கிட்டு இருக்காங்க.”

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தார். மூட்டையைப் பிரித்தார். தலைக்குக் கட்டும் துணியை உருவி எடுத்தார். மார்புக்குக் கட்டும் துணியை எடுத்தார். இரண்டையும் மடித்துக் கட்டைப்பையில் போட்டார். மீதியை உள்ளங்கையால் நீவி, காற்று போக அழுத்தி, மறுபடி வைத்தார்.

“தங்கச்சி, அதுல குறைக்கக் கூடாது. அஞ்சும் இருந்தாத்தான்…”

அப்துல் சுக்கூர் பெட்டிக்குள் பார்த்தார்.

மூட்டையில் மூன்று துண்டு இருந்தது.

சாரா பீவியே பெட்டியைத் தூக்கிக் கூட்டில் இறக்கினார். எந்தப் பக்கமும் உரசாமல் அடிவரைக்கும் போய் உட்கார்ந்தது.

அப்துல் சுக்கூர் அதை வெளியே எடுத்து, ஆட்டோ வரைக்கும் தானே சுமந்துகொண்டு போனார். சீட்டுக்குப் பின்னால் வைக்கலாம் என்றார் ஆட்டோக்காரர். சாரா பீவி இரண்டு கைகளையும் நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தம்பி நகர்ந்து இடம் விட்டார்.

ஆட்டோ கிளம்பும்போது சாரா பீவி தலையை வெளியே நீட்டினார்.

“மறக்கமாட்டேண்ணே. உங்க சலாமை அவன்கிட்ட சொல்லிடுறேன்.”