மெத்தை நாற்காலி

அன்று பகலில் காவலாளி அறையில் இருந்தவர்கள்: நான், உஸைர், ஹம்மாத், ஒரு கிலோ வறுத்த வேர்க்கடலை.

ஜமுனாமரத்தூர் விடுதி ஒன்றில் எனக்குக் காவலாளி வேலை. "இன்னொரு தடவ உன் கூட்டாளிங்கள உள்ள பார்த்தேன், வேலை காலி" என்று மேனேஜர் எத்திராஜ் எச்சரித்திருந்தார். அன்று அவர் செங்கம் போயிருந்தார்.

அடுத்துப் பார்க்க வேண்டியதை உஸைர் தேர்ந்தெடுத்து, கணினித் திரையைத் துண்டால் மூடினான். அவன் சொல்லும் குறிப்பை வைத்துக் கண்டுபிடிப்பவனுக்கு அறையில் இருந்த ஒரே மெத்தை நாற்காலி.

"ஒரே ஹீரோ. தொப்ப. செம கோவம்."

"போலீஸ் படம்," என்றேன்.

"இல்லடா. கையில சாவிக்கொத்து. மாடிப்படி ஏறுறான்."

"பேய் படம்!" என்றான் ஹம்மாத்.

உஸைர் துண்டுக்குள் எட்டிப் பார்த்தான். "ஹீரோயினே கெடயாது. இன்னும் நாலு படி."

"தெரில மச்சான். இன்னா படம்?"

துண்டை எடுத்தான். எங்கள் மாடிப்படியைக் காட்டும் நான்காம் கேமரா. அதில் எத்திராஜ்.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா?" என்றேன்.

"சொல்லிட்டா ஆட்டம் இன்னாத்துக்கு?"

எத்திராஜ் உள்ளே வந்து என் அடையாள அட்டையைப் பிடுங்கினார். செருப்பைக்கூடத் தேடவிடாமல் வாசலைக் காட்டினார். உஸைர் கேமராவை மாற்றி, மறுபடி துண்டைப் போர்த்தினான்.

"ஹீரோ வெறுங்காலு. இப்பதான் வேலை போச்சு."

"இரு, இரு, நான் சொல்றேன்," என்று எத்திராஜ் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் வாசலைத் தாண்டியதும், ஹம்மாத் எனக்குப் பின்னால் கதவைச் சாத்தி உள்ளே பூட்டினான்.