அழுகைக்கான கட்டை

"இழுக்கச் சொன்னா திரும்பவும் சுண்டுது, சார்."

"தப்பான கட்டையை அழுத்தியிருப்பே, இளவேனி."

கணினிக்குள் இருந்த வயலினுக்காக, இசைக் கீபோர்டின் இடது ஓரத்தில் சத்தமே வராத சில கட்டைகளை அவள் ஒதுக்கியிருந்தாள். ஒன்றைத் தொட்டால் அது வில்லை நீளமாக இழுக்கும், இன்னொன்றைத் தொட்டால் தந்தியைச் சுண்டும். திரையில், கணவனிடம் அறை வாங்கிய மனைவி அவன் காலிலேயே விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். அந்த இடத்தில் வயலின் கதற வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு. இசையமைப்பாளர் தயாபரன் தன் உதவியாளர் இளவேனியை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து இழுப்புக் கட்டையை அழுத்தினார். மனைவி காலில் விழுந்தாள். டிங், டிங் என்றது வயலின், யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுபோல.

"மத்த சீனுக்கெல்லாம் அழுதுச்சே?"

"அழுதுச்சு சார். இதுக்கு மட்டும் மாட்டேங்குது."

"மெஷினுக்கு என்னடி வீம்பு?"

"எங்கிட்ட கேட்டா? அதுகிட்ட கேளுங்க."

வாசலில் இயக்குநரின் கார் வந்து நின்றது. தயாபரன் கதவைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் படம் போச்சுன்னா எனக்கு வேற படமே இல்லம்மா. ஒரே ஒரு தடவை அழுதுடேன்."