உன் நல்லதுக்குத்தான்

"ரம்பம் பிடிக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கும்மா மெக்கானிக்கலுக்கு வர்றீங்க?"

பட்டறை மாஸ்டர் வள்ளென்று விழுந்தார். பையன்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். வகுப்பில் ஒரே பெண் அவள்தான். 'ஒத்தை ரோசா' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

அவள் ரம்பத்தை மறுபடி எடுத்து அறுக்கத் தொடங்கினாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்.

பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள். இந்த இன்ஜினியரிங் கல்லூரியில் மூச்சு விடுவது தவிர எல்லாம் இங்கிலீஷ். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. வீட்டில் கேட்கலாமென்றால், சலவைக்கடையில் இஸ்திரி போடும் அம்மாவுக்கு எழுத்தே தெரியாது.

முதல் தேர்வில் இரண்டு பாடம் போயிற்று.

துறைத்தலைவர் அம்மாவோடு வரச் சொன்னார். இரண்டு பேரும் பயந்துகொண்டே போனார்கள். அவரோ எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. மாஸ்டர் பேசினதைக் கேள்விப்பட்டேன். வாய் கொஞ்சம் நீளம். கண்டிச்சு வைக்கிறேன்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புரியாத பாடத்தோட நாலு வருஷம் மல்லுக்கட்டணுமா பாப்பா? பி.எஸ்சி. கணக்குல நானே பேசி இடம் வாங்கித் தர்றேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இன்னும் கொஞ்ச நாள் முயற்சி பண்ணிப் பார்க்கிறேனே சார்..."

"சில பேருக்கு இது வராதும்மா. உன் தப்பில்லை."

அம்மா அவள் கையைக் கிள்ளினாள். "பெரிய மனுஷர் சொல்றாரு. எதிர்த்துப் பேசாதே."

அவர் நீட்டிய விலகல் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

"தங்கமான மனுஷன்டி" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள் அம்மா.

அடுத்த வாரம், பட்டறையில் மாட்டிக்கொள்ளும் காக்கிக் கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். மாஸ்டர் அதை வாங்காமல் முறைத்தார்.

"நான் யாரைத்தான் திட்டலை? அதுக்குப் போய் ஓடுவியா? கை இப்பதானே வர ஆரம்பிச்சுது!"

"நீங்க திட்டினதுக்காக இல்லை சார். எனக்கு இது வராதுன்னு..."

"யாரு சொன்னது?"

அவள் தலை குனிந்தாள். மாஸ்டர் ஏதோ சொல்ல வந்து, அவள் நின்று வேலை செய்த மேஜைப் பக்கம் பார்த்துவிட்டுக் கோட்டை வாங்கிக்கொண்டார்.

அவளும் திரும்பிப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு புதுப் பையன். காலியான சீட்டில் நேற்றுத்தான் சேர்ந்தானாம். ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். பக்கத்தில் துறைத்தலைவர்.

"ஒரு மண்ணும் புரியலை பெரியப்பா" என்று சிணுங்கினான் பையன்.

அவர் அவன் தோளில் செல்லமாகத் தட்டினார்.

"ஆரம்பத்துல யாருக்குடா புரியும்? போகப் போகப் பழகிடும்."