ஊசிக்குள் தெளிந்த நீர்

கட்டுப் போடும் அறையின் வெள்ளை விளக்கு என் வீட்டுக்காரர் பாதத்தின் மேலேயே குவிந்து நிற்கிறது. ஐந்து மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். இந்த மாதமும் மூடாவிட்டால் இரண்டு விரலை எடுத்துவிடுவார்களாம். டாக்டரம்மா கையில் ஊசி, அதற்குள் பார்த்தால் வெறும் தண்ணீர் போல ஏதோ. எனக்கோ மனசு ஒப்பவில்லை. “இவரு வயித்துல எடுத்த கொழுப்பு மஞ்சளா, கெட்டியா இருந்துச்சே. நான் கண்ணால பார்த்தேனே” என்கிறேன். “அந்தக் கொழுப்புலேருந்து எடுத்ததுதான் இது, செல்லையெல்லாம் நீக்கி வடிகட்டியாச்சும்மா. புண்ணை ஆத்துற சத்து மட்டும்தான் இதுல இருக்கு. இந்த மருந்து இன்னும் சோதனையிலதான் இருக்குன்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினோம்” என்கிறார் அவர். “வடிகட்டுற இடத்துல வேற யாரோடதாவது மாறிப்போயிருந்தா?” படுத்தபடியே இவர் சிரிக்கிறார். “முப்பது வருஷம் நீ பொங்கிப் போட்டு வளர்த்த கொழுப்பு. உனக்கே அடையாளம் தெரியலையா?” நான் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஊசியில் ஒட்டிய சீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். பெயர் இவருடையதுதான். வயது சரி, கட்டில் எண்ணும் சரி. இன்னொரு தடவையும் படிக்கிறேன். டாக்டரம்மா பொறுமையாகக் காத்திருக்கிறார். சந்தேகப்பட இனி ஒன்றுமே மிச்சமில்லை; இது பலிக்குமா என்பதுதான் பாக்கி. இப்போதுதான் எனக்குப் பயம் வருகிறது.