தொண்ணூற்றிரண்டு சதவீதம்

ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குக் கரன்ட்டக்கா என்றுதான் பெயர். காதுக்கடியில் சின்னதாக ஷாக் கொடுத்து, கன்னம் எவ்வளவு துள்ளுகிறது என்று திரையில் பார்ப்பது அவள் வேலை. முதலில் நல்ல பக்கம். பிறகு குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, முகவாதம் வந்த பக்கத்துக்கு மறுபடியும் கரன்ட்டை ஏற்ற வேண்டும். நல்ல பக்கத்துத் துள்ளலில் பத்து சதவீதம் இருந்தாலே போதும், முகம் தேறிவிடும்.

அன்று வந்த பஸ் கண்டக்டருக்குப் பத்து நாளாக முகத்தின் இடது பக்கம் கல்லாக இருந்தது.

“சிரிக்கிறாரா, முறைக்கிறாரான்னே தெரியலம்மா,” என்றாள் அவர் மனைவி. “அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம்.”

வலது பக்கம் பார்த்து முடித்ததும், கரன்ட்டக்கா ஒயரை இடது பக்கம் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். கோடு விருட்டென்று எழுந்தது. தொண்ணூற்றிரண்டு!

“அண்ணே, மாப்பிள்ளையவிட நீங்கதான் அழகா சிரிக்கப் போறீங்க!” என்று கத்தியேவிட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒரு எண்ணை அவள் பார்த்ததே இல்லை. கண்டக்டர் பாதி வாயால் சிரித்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும், ஒயர்களைத் துடைத்துக் கொக்கியில் மாட்டும்போதுதான் குமிழைப் பார்த்தாள். அது பூஜ்யத்திலேயே இருந்தது. கரன்ட்டை ஏற்ற மறந்திருக்கிறாள்.

வராந்தாவில் கண்டக்டர் சிரிப்பது கேட்டது. திரையில் கோடு எழுந்தது. தொண்ணூற்று நான்கு. மறுபடியும் சிரித்தார். தொண்ணூற்றேழு. லிஃப்ட் கீழே இறங்கியது. சிரிப்புச் சத்தம் மங்கி ஓய்ந்தது.

கொக்கியில் ஒயர்கள் ஈரம் காயாமல் தொங்கின. திரையில் நூறு வந்தது. பிறகு நூற்றொன்று.